நாற்பத்தேழாம் கல்

கிறவல் றோட்டில் ஜீப்பை நிற்பாட்டி
பொனற்றில் வரைபடத்தை விரிக்கிறார்
நில அளவையாளர் கமலநாயகம்.
நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு பச்சைக் கோடு
ஆற்றை இரண்டு தரம் கடந்து போகிறது.
"இதுதான் யானை வழி."
யானைகள் இன்னும் பார்த்திராத கோடு.

நான் கல் நடுகிறவள்.
முந்தி இதே காட்டில் வெடி எடுத்தவள்.
முழங்காலில் நின்று
ஒரு நாளைக்கு ஒன்றரை மீற்றர்.
மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைக்கு அப்பால்
முதிரைகள் பயமில்லாமல் பருத்தன.
துப்பரவாக்கிக் கையெழுத்து வைத்த மறுகிழமை
லொறிகள் வந்தன.
எந்தப் படிவத்திலும் அதற்கொரு கட்டம் இருக்கவில்லை.

இப்போது வேகமாக நடக்கலாம்.
நான் இன்னும் நிலத்தைப் பார்த்தே நடக்கிறேன்.
ஆகவே தெரிகிறது
இலத்திக்குள் முளைத்த விளாங்கன்று,
கரடி எச்சத்தில் பாலை விதை,
ஆற்று மணலில் ரிப்பர் தடத்துக்கு மேல்
ஒரு குட்டியின் கால்.

நாற்பத்திரண்டாம் கல், உழுந்து வயலோரம்.
தவமலர் அக்கா மண்வெட்டியோடு வந்தா.
"எனக்குப் பெர்மிற் தர இருபது வருசம்.
யானைக்கு உடன உறுதி முடிக்கிறியளோ?"
ஏசி முடித்துத் தேத்தண்ணி தந்தா.
சீனி கூட.

நாற்பத்தேழு, என்ர காணி.
நாங்கள் இல்லாத பதினாறு வருசம்
அவை இதால் நடந்திருக்கின்றன.
போன ஆவணியில் சோளத்துக்குள் நின்றது ஒன்று.
யானைவெடியைக் கொளுத்தி எறிந்தேன்.
அது திரும்பி ஓடியது.
நான் குப்புறக் கிடந்தேன்,
இரண்டு கையாலும் தலையைப் பொத்தி.
ஒரே சத்தம்தான்,
இரண்டு பேருக்கும்.

"கோட்டைக் கொஞ்சம் வளைக்கலாம் பிள்ளை,"
கமலநாயகம் தொண்டையைச் செருமினார்.
"இருபது அடி வடக்கால. ஆருக்குத் தெரியப்போகுது?"
வடக்கே வீரை மரங்கள், பிறகு ஆற்றின் செங்குத்துக் கரை.
குட்டியால் இறங்க ஏலாது.

அலவாங்கை எடுத்தேன்.
சோளம் அரைவாசி அந்தப் பக்கம்,
கிணறு இந்தப் பக்கம்.
மழைக்கு முன் சீமெந்து இறுக வேண்டுமென்று
சாக்கால் மூடிவிட்டு வந்தேன்.

விடியப் போய்ப் பார்த்தால்
சாக்கு பற்றைக்குள்.
கல் ஒருபக்கம் சரிந்து,
உச்சிவரை ஈரச் சேறு.
முரட்டு மயிர் இரண்டு ஒட்டிக்கொண்டு.
நல்லாக முதுகு சொறிந்திருக்கிறது.

படிவத்தை எடுத்து எழுதினேன்:
கல் 47, சாய்ந்துள்ளது.
காரணம், பாவனை.