மூன்று அங்குலம்

கார் நிறுத்தும் தளம் ஒரு மூலையில் அமிழ்ந்தது.
மழை விட்டாலும் அங்கே மட்டும் மழைதான்.

பகாவ் குத்தகைக்காரர் லியோங்
கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தார்.
"மூணு இன்ச்சு. மூவாயிரம் வெள்ளி."
இன்ச்சுக்கு ஆயிரமா?
இருநூறு குறைத்தார். கோலியை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

துளை போட்டதும் ஒரு வாடை:
ஊறிய மரம், பழைய ஒட்டுப்பால்.
ரப்பர் கட்டையைப் பிடுங்காமலே
வீட்டுமனை பிரித்திருக்கிறார்கள்.
"வேர் மக்கினா குழிதானே" என்றார்.

பம்பு இரைந்தது. சிமெண்டுக் கூழ் இறங்கியது.
மயிரிழை மயிரிழையாய்
எழுந்தது தளம்,
மூலையில் கிடந்த என் செருப்போடு.

இப்போது எல்லாம் மட்டம்.
பதினொரு வருடம் தானாய்ச் சாத்திக்கொண்ட கேட்
திறந்தது திறந்தபடி நிற்கிறது.
யாராவது போய்ச் சாத்த வேண்டும்.