ஒரு காதுக்குத்தான் காசு

ஆஸ்பத்திரி வீதிக் கடையில்
சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னாள் அந்தப் பிள்ளை.
கேளாததற்கும் உயர்த்தினார் எமிலியான், வெட்கத்தில்.

பிறகு மூன்றை எடுத்து வைத்தாள்.
புளியங்கொட்டை அளவில் ஒன்று,
வெளியே தெரியவே தெரியாதாம். விலையைக் கேட்டுவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டார்.
காதுக்குப் பின்னால் இறால்போல் வளைந்து கிடப்பதுதான் மலிவு.
அதிலும் ஒன்றுக்குத்தான் சீட்டுக்காசு காணும்.

எந்தக் காதுக்கு?
இருபத்தெட்டு வருசம் எஞ்சினோடு கிடந்த வலதில்
மிச்சமொன்றும் இல்லை,
இடதுக்கே போடுங்கோ என்றாள்.

கட்டிலில் நான் வலப்பக்கம்.
அந்தச் செத்த காதுக்குத்தான் இவ்வளவு காலமும்
எல்லாம் சொல்லி முடித்தேன்:
விற்ற சங்கிலி, தம்பிக்குச் சும்மா கொடுத்த வலை,
சில இரவுகளில் வெறும் தூசணம்.

மாட்டியதும் மேலே பார்த்தார்.
"இந்த ஃபான் இப்பிடியோ கத்துறது?"
வெளியே காரைநகர் பஸ் கோர்ண் அடிக்க
என் கையைப் பிடித்தார், பிறகு விட்டார்.

இரவு அதைக் கழற்றவில்லை.
தலையணையோடு என் பக்கத்துக்கு மாறிப் படுத்து
"இப்ப சொல்லு" என்றார்.

பற்றரி ஒரு கிழமைக்குத்தான் வரும் என்றேன்.