காலி வரி

சிவப்புச் சாயம் பூசிய நான்கு முளைகள்.
ஊஞ்சலுக்கும், செருப்பைக் கழற்றி நடக்கும் கல்பாதைக்கும் நடுவே
செவ்வாய்க்கிழமை காலையில் நின்றன.
முளை என்ற சொல்மீது அன்றுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது.
வளரும் என்றல்லவா அர்த்தம்.

அறிவிப்புப் பலகை மலாயில் சொன்னது:
துணை மின்நிலையம்,
ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள்.
எங்கள் செத்தாப்பாக்கில் பதினான்கு நாள் என்பது
பத்து சாயங்கால மழை, ஒரு சம்பளம்.

கோ பூன் ஹெங் தன் கடையிலிருந்து பதாகைத் துணி கொடுத்தார்.
கக் ரொஹானி அதில் ஆளுயரத்துக்கு எழுதினாள், 'பந்தா' என்று.
மலாயில் அது எதிர்ப்பு.
தமிழில் வாசித்துச் சிரித்தது நான் மட்டும்தான்.

கையெழுத்துத் தாள் என் பொறுப்பு.
கூட்டத்துக்குத் தாமதமாய்ப் போனவளுக்கு மிச்சமிருந்த வேலை.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
டாக்டர் குலவீரன் வீட்டில் மட்டும் ஏழு,
வேலைக்காரப் பெண்ணையும் சேர்த்து.

பிறகு பெரிய கால்வாயைத் தாண்டி
அடுக்குமாடிக்குப் போனேன்.
சி பிளாக். லிஃப்ட் மூன்றாம் மாடியில் செத்துக் கிடந்தது.
பதினோராவது மாடியில், பாதிக் கதவுக்குப் பின்னால் சுகந்தமணி.
அவளுக்குப் பின்னால் மகன்;
முகமூடிக்குள் மருந்துப் புகை,
பக்கத்தில் உறுமும் சின்ன இயந்திரம்.

தாளை முழுதும் படித்தாள்.
முழுதும் படித்த முதல் ஆள்.

"போன மாசம் நாலு ராத்திரி கரண்ட் போச்சு.
இவனத் தூக்கிக்கிட்டு பதினோரு மாடி எறங்கி
பெட்ரோல் ஸ்டேஷன்ல பிளக் கேட்டு உக்காந்திருந்தேன்.
பார்க்ல வேணாம்னா, சரி.
எங்க வைக்கணும்னு இதுல எழுதியிருக்கீங்களா?
எழுதிட்டு வாங்க. போடுறேன்."

தாளில் இடம் இருந்தது.
சி-11-6 என்று நான் முன்கூட்டியே எழுதிவைத்த கட்டமும்.
அந்தக் கேள்வியை எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்று
அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மாநகர் மன்றத்தில் அதிகாரி வரைபடத்தை விரித்தார்.
பூங்கா ஒரு பச்சைக் கட்டம்.
சுண்டுவிரல் நகத்தால் ஒரு மூலையைக் கீறி,
இவ்வளவுதான் எடுப்போம் என்றார்.
அந்த நகத்துக்கடியில்தான் எங்கள் தூங்குமூஞ்சி மரம்.
மலாய்க்காரர்களுக்கு அது ஐந்து மணி மரம்.
நாம் அதன் முகத்தைப் பார்த்தோம்,
அவர்கள் கடிகாரத்தை.
அதிகாரி இரண்டையும் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார்.

"இருநூற்றுப் பதிமூன்றாவது வரி. கதவு எண் இருக்கிறது,
கையெழுத்து எங்கே?"

வீட்டில் ஆள் இல்லை என்றேன்.
எவ்வளவு சுலபமாக வந்தது.

சனிக்கிழமை இரவு ஒன்பதே கால்.
விசிறிகள் நின்றன.
வீடுகள் எங்களை வெளியே துப்பின.

எங்கே போவது? எல்லாரும் அங்கேதான்.
டாக்டர் லுங்கியோடு.
ரொஹானி பாய் சுருட்டிக்கொண்டு.
கால்வாய்ப் பலகைமீது ஒருவர் பின் ஒருவராக
கைபேசி வெளிச்சத்தோடு அடுக்குமாடிக்காரர்கள்.
ஒரு கொசுவத்தியைச் சுற்றி இருபது பேர்,
ஊஞ்சலுக்கு வரிசை.
இத்தனை பேரை இந்தப் பூங்கா
பதாகை கட்டிய அன்றும் பார்த்ததில்லை.

அவளும் வந்தாள். தோளில் மகன், இடுப்பில் இயந்திரம்.
பெஞ்சில் நகர்ந்தேன். உட்கார்ந்தாள்.
தாளைப் பற்றி அவள் கேட்கவில்லை.
கோ பூன் ஹெங் காரைப் புல்மீதே ஏற்றி,
எங்கிருந்தோ ஒரு வயரை இழுத்து நீட்டினார்.
உறுமல் தொடங்கியது.
பேச்சு கொஞ்சம் தாழ்ந்தது, பிறகு பழையபடி.
மரம் எப்போதோ தூங்கியிருந்தது.

பன்னிரண்டரைக்கு அடுக்குமாடி பளிச்சென்று எரிந்தது.
'ஹோ' என்று ஒரு சத்தம்; பாய்கள் சுருண்டன.
ஐந்து நிமிடத்தில் யாருமில்லை.

இல்லை, ஒருவர் இருந்தார்.
டாக்டர், முளையில் தடுக்கி விழப் பார்த்தவர்.
சாய்ந்த முளையைக் காலால் நிமிர்த்திவிட்டு
சுற்றுமுற்றும் பார்த்தார்.

நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.