நாளைக்கும் சோறு இருக்கும்

காலை ஏழு மணி, மாங்குளம் சந்தி.
அவித்த கௌபியும் ஒரு வெள்ளரிப் பிஞ்சும்
பைக்குள் கிடக்க
ஸ்கூட்டியைக் கிளப்புகிறேன்.
கிளினிக் கொப்பியில் எண்பத்திரண்டு புள்ளி நான்கு.
அதன் கீழே நேர்ஸ் சிவப்பால் இரண்டு கோடு இழுத்து
மூன்று மாதம் தந்திருக்கிறா,
தவணை கட்டாத ஆளுக்குக் கொடுப்பதுபோல.

கிராம அலுவலர் வேலை நடக்கிற வேலை என்பார்கள்.
நடப்பது படலையிலிருந்து கதிரை வரைக்கும்தான்.
கதிரையில் இருந்துவிட்டால் தேத்தண்ணி வரும்.
வெள்ளப் படிவத்துக்கு ஒன்று,
வதிவிடக் கடிதத்துக்கு ஒன்று,
எல்லைக்கல் சண்டையென்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.
ஒரு வீட்டில் குடித்து மற்ற வீட்டில் விட்டால்
நான் கட்சி சேர்ந்துவிட்டேன் என்று கதை வரும்.
சீனி போடாமல் தாங்கோ என்றால்,
"எங்கட வீட்டில சீனி இல்லையெண்டு நினைச்சியளோ, ஜீ.எஸ் மிஸ்?"

முதல் வாரம் வைராக்கியம்.
பிரிட்ஜ் கதவில் மெல்லிய பெண்ணொருத்தியின் படம் ஒட்டினேன்.
மகன் அவளுக்கு மீசை கீறினான்.
இரண்டாம் வாரம் கச்சேரியில் கூட்டம்.
ஆளுக்கு இரண்டு ரோல்ஸ், ஒரு துண்டு கேக்.
வராமல் விட்ட குகநேசனின் பங்கும்
எப்படியோ என் மேசைக்கு வந்தது.
மூன்றாம் வாரம் மழை. குளம் வான் பாய்ந்தது.
முப்பத்தொரு குடும்பத்துக்குப் பள்ளிக்கூடத்தில் சமைத்தோம்.
கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று
உப்புப் பார்க்கிறேன், உப்புப் பார்க்கிறேன் என்று
ஒரு கோப்பை சோறு முடிந்தது.

இரவு பதினொன்று.
இழப்பு விபரம் பாதியில் நிற்கிறது.
குசினி கூப்பிடுகிறது.
பானை மூடியில் கை வைத்தபடி கேட்டேன்:
இது பசியா?

பசியை எனக்கு நேரில் தெரியும்.
அடையாளம் உறுதிப்படுத்திக்
கடிதம் கொடுக்கும் அளவுக்குத் தெரியும்.
இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில்
ஒரே பங்கருக்குள் இருந்தோம், அதுவும் நானும்.
பிறகு செட்டிகுளம் முகாமில் நிறுத்தார்கள்.
முப்பத்தாறு கிலோ.
முள் பழுதாக்கும் என்று
இரண்டாந்தரம் ஏறச் சொன்னார்கள்.

இது அது இல்லை.
அது திரும்பி வந்துவிடுமோ என்கிற பயம் இது.

கட்டிலுக்குக் கீழே எப்போதும் மூன்று மூட்டை அரிசி.
வண்டு விழுந்தாலும் இரண்டாகக் குறைய விடமாட்டேன்.
என் இடுப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது.
ஆரும் கேளாமலே கணக்கு வைத்து,
கிடைத்ததையெல்லாம் அடுக்கி,
பூட்டுப் போட்டுக் காவல் நிற்கிற
களஞ்சியக்காரி.
அவளை எந்த வாயால் திட்டுவது?

படத்தைக் கழற்றினேன், மீசையோடு.
கோபமாக வருகிற சனத்தோடு கதைக்கும்
அந்த அலுவலகக் குரலில்
வயிற்றில் கை வைத்துச் சொன்னேன்:
உங்கட பேர் பதிவில இருக்கு.
நாளைக்கும் சோறு இருக்கும்.
இப்ப போய்ப் படுங்கோ.

சில இரவு கேட்கிறாள்.
சில இரவு பானை அடியில் கரண்டிச் சத்தம்.
அடுத்த நாள் ஏழு மணிக்கு
மறுபடி கௌபி, மறுபடி வெள்ளரி.

போன கிழமை பனிக்கன்குளத்தில் திலகமலர் வீட்டில்
வெறும் தேத்தண்ணி வந்தது.
சீனிப் போத்தல் தள்ளி நின்றது, மூடி இறுக்கினபடி.
"நானும் அந்தக் கிளினிக்தான், செவ்வாய்க்கிழமை" என்றா.
படிவத்தை மறந்து நிறை கதைத்தோம்.
அவ நாலு கிலோ இறங்கி மூன்று ஏறியிருக்கிறா.
கசப்புத் தேத்தண்ணியை உறிஞ்சியபடி
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
கோழிகள் முற்றம் கடந்து ஓடின.

இன்று தராசு: எண்பத்தொன்று புள்ளி ஐந்து.
நேர்ஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.
"செருப்பைக் கழற்றிட்டோ ஏறினனீங்கள்?"
ஓம் என்றேன்.
போனமுறை கழற்றவில்லை என்பதை
அவவும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.