காணாக்கடி

வியாழக்கிழமை பத்தரைக்கு வருவான்.
பத்து இருபதுக்கே நான் கக்கூசுக்குள்.

முத்தையன்கட்டு இடதுகரையில்
மோட்டசைக்கிள் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லலாம்.
மீன்காரன் என்றால் ஹோன்.
ஜீ.எஸ். என்றால் புகைக்குழாய் இருமும்.
லோன்காரப் பெடியன்
வாய்க்கால் பாலத்திலேயே என்ஜினை நிறுத்திவிட்டு
உருட்டிக்கொண்டு வருவான்.
சத்தம் இல்லாமல் போனால்
அவன்தான்.

தாழ்ப்பாளைப் போட்டுத் திரும்பினேன்.
வாளிக்கு மேலே, பூசாத கல்லில்,
உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி.
எட்டுக் காலையும் பரப்பி, சுவரின் நிறத்தில்.

ஒரு செருப்பு வெளியே கழன்றுவிட்டது.
மற்றது என் கையில்.

எங்கள் ஒழுங்கையில் இதற்கு ஆளுக்கொரு வழி.
தவமலரக்கா சூள் கொளுத்திக்கொண்டு வருவா.
போன வருசம் சிலந்தி தப்பி ஓட
வேலி எரிந்தது.
தம்பி உதயச்சந்திரன் சப்பாத்தை மூன்று தரம் உதறித்தான் போடுவான்.
பங்கருக்குள் பழகினது என்பான்,
அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டான்.
சின்னம்மாவுக்கு எந்தத் தடிப்பும் காணாக்கடி.
"கடிச்சது தெரியாது, தடிச்ச பிறகுதான் தெரியும்.
உப்பைத் தள்ளு, புளியைத் தள்ளு."
என்ர மகள் சங்கவி
பால்மாப் பேணியால் மெல்ல மூடி
கொப்பி மட்டையை அடியில் செருகி
கிணற்றடி வாழைக்குள் கொண்டுபோய் விடுவாள்.
இரண்டு நாளில் அது திரும்பி வந்துவிடும்.
அதேதானோ என்று கேட்டால்
அதே முகம் என்பாள்.

நான் அடிக்கிறவள்.
தும்புத்தடியின் பின்பக்கத்தால், ஒரே அடி.

"அக்கா... அக்கோய்..."

செருப்பை ஓங்கியபடி நின்றேன்.
அடித்தால் சத்தம் கேட்கும்.

பிளாஸ்ரிக் கதிரை இழுபட்டது.
முருங்கைக்குக் கீழே இருந்துவிட்டான்.
குசினிக் கட்டில் என் போன் அடித்தது,
நின்றது, திரும்ப அடித்தது.
கச்சான் விதைக்கென்று எடுத்த அறுபதாயிரம்.
பாதியை மயில் கிண்டியது,
மீதியின்மேல் மார்கழி மழை நின்றது.
குழுவில் நாங்கள் நாலு பேர்.
ஒருத்தி கட்டாவிட்டால் மூன்று பேரும் கட்டவேணும்.
அதில் ஒருத்தி தவமலரக்கா.

கை உளைந்தது. இறக்கினேன்.
அப்போதுதான் கண்டேன்
வயிற்றோடு அணைத்து
ஒரு வெள்ளை வில்லை, பனடோலிலும் பெரிது.
முட்டை.
ஒரு கரப்பான் அவளுக்குப் பக்கத்தால் நடந்து போனது.
அவள் திரும்பவில்லை.
வாய்க்கு வேறு வேலை இருந்தது,
வில்லையைப் பிடித்திருந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது.
ஒருத்தியை ஒருத்தி பார்த்தபடி.
இலையான் ஒன்று மட்டும்
இரண்டு பேருக்கும் நடுவில்.

"அவ வவுனியாவுக்கெல்லோ போட்டா, தம்பி!"
வேலிக்கு மேலால் தவமலரக்காவின் குரல்.
"அப்ப இந்த ரொயிலற்றுக்கு ஒருக்காப் போட்டு வரட்டோ?"
காலடி கிட்ட வந்தது.
தாழ்ப்பாளில் கை வைத்தேன்.
"ஐயோ தம்பி, அதுக்குள்ள கையளவு சிலந்தி!
போன கிழமை ஒரு ஆளைக் கடிச்சுப் போட்டுது!"

அக்கா உள்ளே எட்டியும் பார்த்ததில்லை.
வாய்க்கு வந்த பொய்.
கதவுக்கு அந்தப் பக்கம் காலடி நின்றது.
கொஞ்ச நேரம்.
பிறகு திரும்பியது.
பாலம்வரை உருட்டவில்லை,
முற்றத்திலேயே ஸ்டார்ட் பண்ணினான்.

வெளியே வந்தேன்.
கவிழ்ந்து கிடந்த என் ஒற்றைச் செருப்பு
நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.
கீழே மடித்த துண்டு:
அடுத்த வியாழன். இரண்டு தவணை.

பின்னேரம் சங்கவி பேணியோடு வந்தாள்.
தவமலரக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டா போல.
அங்கே ஒன்றும் இல்லை,
அது சும்மா கதை என்றேன்.

ரோச் லைற்றோடு போனவள்
கனநேரத்துக்குப் பிறகு வந்தாள்.
பேணி வெறுமையாய் இருந்தது.
"பொய் சொல்லுறீங்கள்" என்றாள்,
மெதுவாய், கக்கூசுக்குக் கேட்காமல்.