சரியான நீளம்

ட்ரென்சீனில் குளிர்காலம்.
வாஹ் ஆறு ஓரங்களில் மட்டும் உறைந்திருக்கிறது.
இரவு முறை எனக்கு.
சுண்டுவிரல் நீளக் கண்ணாடிக் கோல் ஒன்று
உலைக்குள் படுத்திருக்கிறது.
அது சுருங்குவதை எழுதிக்கொள்வது என் வேலை.

இளகிய சூட்டிலிருந்து சட்டென்று இறக்கினோம் அதை.
பேருந்து நின்ற குலுக்கலில்
அப்படியே உறைந்த கூட்டம் போல அணுக்கள்,
ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில்.
பிறகு மெல்ல, மிக மெல்ல,
ஒரு முழங்கை விலகும், ஒரு தோள் சாயும்.

முதல் மணியில் நிமிடத்துக்கு ஒரு குறிப்பு.
மறுநாள் மணிக்கு ஒன்று.
இப்போது இரவுக்கு ஒன்று போதும்.
கண்ணாடியின் அவசரமெல்லாம் தொடக்கத்தில்தான்.

பழைய தேவாலயச் சன்னல்கள்
அடியில் தடித்திருப்பது வழிந்ததால் என்பார்கள்.
வழியவில்லை.
செய்தவன் கை அப்படி.

முப்பத்தாறாம் நாள்
கேட்ட நீளத்துக்கு வந்துசேர்ந்தது கோல்.
அந்த நீளம் எந்தச் சூட்டுக்கு உரியதோ
அந்தச் சூட்டுக்கே உலையை ஏற்றினேன்.
நீளம் சரி. சூடு சரி.
இனி அசையக் காரணமே இல்லை.
‘சமநிலை’ என்று எழுதப்
பேனாவைத் திறந்தும் வைத்திருந்தேன்.

கோல் நீண்டது.

மயிரிழையில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது,
வரைதாளிலோ ஒரு திமில்.
உலைக் கதவைச் சந்தேகித்தேன்.
ஜிலினாவுக்குப் போகும் சரக்கு ரயிலைச் சந்தேகித்தேன்.
வெப்பமானியை உருகும் பனியில் முக்கிப் பார்த்தேன்:
பூஜ்யம், ஒழுங்காக.
இரண்டாவது கோல், இன்னொரு முப்பத்தாறு நாள்.
அதே திமில், அதே இடத்தில்.

பகல் முறைக்கு வந்த மெத்தோட்
கோட்டைக்கூடக் கழற்றாமல் தாளைப் பார்த்தான்.
“கூட்டுத்தொகை சரி, பங்குகள் சரியில்லை.
வேகக்காரர்கள் அந்தக் குளிருக்கே பழகிவிட்டார்கள்.
தாமதக்காரர்கள் இன்னும் பழைய சூட்டிலேயே இருக்கிறார்கள்.
கூட்டிப் பார்த்தால் அமைதி.”
பிறகு காபிக்குத் தண்ணீர் வைத்தான்.

சூடு ஏறியதும் வேகக்காரர்கள் முதலில் விரிகிறார்கள்.
மற்றவர்கள் சுருங்கி அதை ஈடுகட்ட
நாலு நாள் ஆகிறது.

சனிக்கிழமை
ரதிஸ்லவ் தன் பனிச்சறுக்குக் கட்டைகளை எடுக்க வந்தான்.
ஆறு வருடம். நான் தயார்.
வீட்டைக்கூடப் பெருக்கவில்லை, அவ்வளவு தயார்.
கட்டைகள் நடைவழியில், கயிறு கட்டி.
“நல்லா இருக்கியா?”
“இருக்கேன்.”
குரல் சரி. முகம் சரி.

காலணிகளைக் கழற்றினான்.
எங்கே வைப்பது என்று கேட்கவில்லை,
கதவுக்கு இடப்பக்கம், வெந்நீர்க் குழாயின் அடியில்,
நுனிகள் சுவரைப் பார்க்க
வைத்தான்.

நான் சமையலறைக்குப் போய்த்
தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்,
கையில் கழுவ ஒன்றுமில்லாமல்.

இன்று புதன். மணி இரண்டு பத்து.
கோல் தன் நீளத்துக்குத் திரும்பியிருக்கிறது.
‘கருவிப் பிழையா?’ என்று முன்பு எழுதியிருந்ததை
ஒரே கோட்டில் அடித்துவிட்டு
நேரத்தை மட்டும் குறிக்கிறேன்.