மூன்றாவது ஸ்ட்ரெச்சர்

மல்லாவியில், வெறும் நெற்களஞ்சியம் ஒன்றுக்குள்
பன்னிரண்டு நிமிடப் பகிடி ஒன்று பிடித்தோம்.
காயப்பட்ட கைதிகளைக் கைமாற்றும் கதை.
செஞ்சிலுவைக்குச் சிவப்புத் துணி கிடைக்கவில்லை;
என் பழைய சட்டையில் ஒரு கையை வெட்டினேன்.
இரத்தத்துக்கு பீற்றூட்.
மிச்சத்தை மத்தியானம் கறி வைத்தோம்.

ஆமிக்காரனாக நகுலேந்திரன்.
குருநாகலில் பேக்கரியில் நின்றவன்.
அவனுக்குத் தெரிந்த சிங்களமெல்லாம்
பாண், பணிஸ், கடன் கொப்பி.
அதையே அதட்டிச் சொன்னான்,
கமெரா பிடித்தவனும் குலுங்கிவிட்டான்.

கதை இவ்வளவுதான்:
அவனுக்கு இடது கால் இல்லை, எங்கட ஆளுக்கு வலது.
நடுவில் ஒரு சோடிச் செருப்பு.
அது எந்தப் பக்கத்துச் சொத்து என்று
வெள்ளைக்கார அதிகாரி படிவம் நிரப்புகிறார்,
நிரப்புகிறார்,
பேனை முடிகிறது.

நகுலேந்திரனின் காலை மடித்துக் கட்டினேன்.
வில்வராசாவுக்கு அந்த வேலை இருக்கவில்லை.

பிரதியில் ஸ்ட்ரெச்சர் மூன்று. ஆட்கள் இரண்டு.
மூன்றாவதில் உமி மூட்டையைக் கிடத்தி
தலைக்கு ஒரு பூசணிக்காய் வைத்து
வேட்டி கிழித்து முகம் முழுக்கச் சுற்றி
அந்தச் சட்டையையே போட்டுவிட்டேன்.

சனி இரவு சைக்கிள் கடை வாசலில்
மண்ணெண்ணெய் குடித்துக் குடித்து ஜெனரேற்றர் இருமியது.
செருப்புக் கட்டத்தில்
ஒருவன் வாங்கிலிருந்து விழுந்தான்.

திங்கள் காலை ஓர் அம்மா வந்தா,
துணுக்காயிலிருந்து, காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு.
'பகிடி நல்லம் தம்பி' என்றா.
தண்ணி குடித்தா.
'மூண்டாவதாக் கிடத்தினது ஆற்றை பிள்ளை?
முகத்தைக் காட்டேல்லை.
போகேக்க சிவப்புச் சட்டைதான் போட்டவன்.
ஒரு கை இல்லைப்போல கிடந்தது.
கை இல்லாட்டிப் பரவாயில்லை.'

பூசணிக்காயை நாங்கள் தின்றுவிட்டோம்.
உமியைச் சூளைக்காரன் ஏற்றிப்போய்விட்டான்.
சட்டை பின்கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.
நான் கதவை மறைத்து நின்றேன்.
வாயில் வந்தது ஒன்றுதான்:
'புதன்கிழமை திருப்பிப் போடுவினம், அம்மா.'
அது பொய்யில்லை.

புதன் இரவு
முன்வரிசையில், சீலைத் தலைப்பில் எதையோ முடிந்துகொண்டு
இருந்தா.
ரொட்டிக்கணக்குச் சிங்களத்துக்குச் சிரித்தா.
செருப்புக்கும் சிரித்தா, மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்தி.
பிறகு
பின்னால் கும்மாளமிட்ட பெடியளைத் திரும்பிப் பார்த்து,
'சத்தம் போடாதேங்கோ,
இனித்தான் அவன் வருவான்.'